காது மந்தமானவர் பேச்சை விட்டு ஒதுங்காமல் இருக்க

எல்லாரும் சிரித்தால் தானும் சிரிக்கிறார். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார். விருந்தாள் வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். வயதானவர் இப்படி மாறினால் கோபம், மறதி என்று முடிவு கட்டுமுன் காதைச் சோதித்துவிடுங்கள்.

வயதாகும்போது முதலில் குறைவது கீச்சான ஒலிகள். உயிரெழுத்து கேட்கும், ச, த, க போன்றவற்றின் கூர்மை போய்விடும். "கேக்குது, ஆனா புரியல" என்பது சாக்கு அல்ல. கத்தினால் உயிரொலிதான் பெருகும். உங்கள் முகமும் சண்டைக்காரர் முகமாகிவிடும்.

தோளைத் தொட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு பேச ஆரம்பியுங்கள். மூன்று, நான்கு அடி தூரம் போதும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உதடு தெரியாது. மிக்ஸி ஓடும்போது எதுவும் சொல்லாதீர்கள். புரியவில்லை என்றால் ஒருமுறை அப்படியே சொல்லுங்கள், அடுத்து வார்த்தையை மாற்றுங்கள். "எழுபது", "எண்பது" குழம்பும். விரலால் ஏழு காட்டுங்கள். "படி", "மடி" இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும், அங்கே எழுதிக் காட்டுவதே வழி. "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவரை உள்ளறைக்கு அனுப்புவது பெரும்பாலும் அந்த வார்த்தைதான்.

கல்யாண வீட்டில் ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி, சுவரோரம், நன்றாகக் கேட்கும் காது கூட்டத்தைப் பார்க்க உட்கார வையுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து, "இப்ப நிலத்தைப் பத்திப் பேசறாங்க" என்று பேச்சு மாறும்போது சொன்னால் மீதியை அவரே பிடித்துக்கொள்வார். ஊகித்து ஊகித்துக் கேட்பது களைப்பான வேலை. நடுவில் கொஞ்ச நேரம் தனியே விடுங்கள்.

காது கேட்க மாட்டும் புது மெஷினை அந்தக் கூட்டத்தில் முதன்முதலாக மாட்டவே கூடாது. அமைதியான வீட்டில் ஓரிரு மணி நேரம் தொடங்கி, சில வாரங்களில் நேரத்தைக் கூட்டுங்கள். மெஷின் கீச்சென்று கத்தினால் மோல்டு (காதுக்குள் பொருந்தும் அச்சு) சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கிறது. பட்டன் பேட்டரியில் ஒட்டியிருக்கும் தாளின் நிறம் அளவைச் சொல்லும்: 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். தாளை உரித்ததும் காற்றுப்பட இரண்டு நிமிடம் வைத்து, பிறகு போடுங்கள். உடனே போட்டால் பேட்டரி முழு வேகத்துக்கு வராது.

ஓரிரு நாளுக்குள் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மெஷின் கடைக்குப் போகாதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தாமதமானால் மருந்து பலிக்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.