காலைல மோஷன் ஒழுங்கா போகணுமா, குடல் நரம்போட டைமிங்க புடிங்க

தண்டையார்பேட்டைல எங்களுது லைன் வீடு, ஆறு குடும்பத்துக்கு ரெண்டே டாய்லெட்டு, டீ குடிச்சதும் வயிறு கூப்பிடும், ஆனா உள்ள ஆள் இருக்கும், வெளிய ரெண்டு பேர் பக்கெட்டோட நிப்பாங்க, சரி அடக்கிக்கலாம்னு ஷேர் ஆட்டோ ஏறிடுவேன், ராயபுரம் தாண்டறதுக்குள்ள அந்த ஃபீலிங்கே போயிடும். ரொம்ப வருஷம் இதே கததான்.

குடல் ஒவ்வொரு அசைவுக்கும் மூளைய கேட்டுக்கினு நிக்காதுங்க. குடல் சுவத்துக்குள்ளயே ரெண்டு நரம்பு வலை இருக்கு. தசை அடுக்குக்கு நடுவுல ஆவர்பாக் வலை, அசைவெல்லாம் அதோட கணக்கு. உள்சவ்வுக்கு அடியில மெய்ஸ்னர் வலை, அது சுரப்ப பாத்துக்கும். சாப்பாடு வந்து சுவத்த தள்ளுச்சுன்னா அங்க இருக்கற செல்லுங்க செரடோனின்ற ரசாயனத்த விடும், ஒடனே பின்பக்கம் இறுகும், முன்பக்கம் தளரும், பெப்சி ஐஸ் கவர அடியில அமுக்குவோமே அதே மாதிரி. 1899ல பேலிஸ், ஸ்டார்லிங்னு ரெண்டு இங்கிலாந்து விஞ்ஞானிங்க நாயோட குடலுக்கு வெளியிலருந்து வர நரம்ப வெட்டிட்டு பாத்தாங்க, அப்பவும் இது நிக்கல!

இப்ப நம்ம வேலை. வயித்துல சாப்பாடு விழுந்தா பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும், காலைல இது நல்லா ஜோரா நடக்கும். அதனால வழக்கத்த விட இருபது நிமிஷம் முன்னாடி எழுந்து, டீயோட ரெண்டு இட்லியோ பன்னோ சாப்ட்டு, அரை மணி நேரத்துக்குள்ள போய் உக்காருங்க. வந்தாலும் வரலன்னாலும் பத்து நிமிஷம்தான், முக்காதீங்க, செல்ஃபோன வெளிய வெச்சிடுங்க. வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்கு கீழ ஒரு பக்கெட்ட கவுத்து வெச்சா முட்டி மேல வரும், ஈசியா இருக்கும். கூப்பிடும்போது போகாம தினமும் அடக்குனா மலம் உள்ளயே தங்கி தண்ணி வத்தி கெட்டியாயிடும், கொஞ்ச நாள்ல அந்த கூப்பாடே மந்தமாயிடும். நான் இப்ப அஞ்சே முக்காலுக்கு, எங்க லைன்ல ஃபர்ஸ்ட் ஆளு.

சாயந்திரம் உப்புசம் இருக்கறவங்க இதயும் பாருங்க. வெறும் வயித்துல சிறுகுடல் ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா தானா மிச்சம் மீதிய பெருக்கி தள்ளும், நடுவுல ஒரு பஜ்ஜி போட்டாலும் அந்த பெருக்கல் நின்னுடும். மூணு நாலு மணி நேரம் கேப் விட்டு பாருங்க, சுகர் மாத்திர சாப்புடறவங்க மட்டும் டாக்டர கேட்டுட்டு.

லூஸ் மோஷனுக்கு போடற லோபராமைடு இந்த ஆவர்பாக் வலையதான் அடக்குது, ஜுரமோ ரத்தமோ இருந்தா போடாதீங்க. இரும்பு சத்து மாத்திர, சில வலி மாத்திரயும் மலத்த இறுக்கும், அத டாக்டர்கிட்ட சொல்லுங்க. மலத்துல ரத்தம், காரணமே இல்லாம எடை குறையுதுன்னா சீக்கிரம் காட்டிடுங்க. வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்துகூட பிரியலன்னா வீட்டு வைத்தியம் பண்ணினு உக்காராதீங்க, ஆட்டோ புடிச்சு நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரி.