காட்டில் ஓர் ஆய்வாளரும் ஓர் ஒற்றரும்: காதல் சாகசக் கதை எழுதும் முறை

ஆய்வாளருக்கும் ஒற்றருக்கும் இடையே அடர்காட்டில் மூளும் காதலை எழுத விரும்புபவர், எந்தக் காடு, எந்த ஆண்டு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பெயரில்லாத காட்டில் புலி உறுமும், அருவி கொட்டும், அதற்குமேல் எதுவும் நிகழாது.

இத்தகைய கதைக்கு இந்திய-பர்மா எல்லையில் இருக்கும் நாகர் மலைகளைவிட, அதுவும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இதைவிடப் பொருத்தமான களம் எளிதில் கிடைக்காது. செமே நாகர்களிடையே தங்கி, அவர்களுடைய வாழ்க்கையைப் படம் பிடித்தும் குறிப்பெடுத்தும் வந்த உர்சுலா கிரகாம் பவர் என்ற ஆங்கிலேயப் பெண், 1942-இல் பர்மா ஜப்பானியர் வசம் போனபின் ‘வி ஃபோர்ஸ்’ என்ற வேவுப் படைக்காக அந்த மக்களையே திரட்டினார். அதே படையைச் சேர்ந்த டிம் பெட்ஸ் என்ற அதிகாரி, வண்ணத்துப்பூச்சி சேகரிப்பதைச் சாக்காக வைத்து அவரைக் காண வந்தார். 1945-இல் இருவரும் மணந்துகொண்டனர். இவர்களிடமிருந்து களத்தையும் அந்தச் சாக்கையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்ந்து மறைந்தவர்களின் படுக்கையறைக்குள் நுழைவது நாகரிகமன்று. நாயகனும் நாயகியும் உங்கள் கற்பனையிலேயே பிறக்கட்டும்.

ஆய்வாளரின் தொழில் கவனிப்பது, ஒற்றரின் தொழில் மறைப்பது. கதையின் வெப்பம் முழுவதும் இந்த உரசலிலிருந்தே வர வேண்டும். வலையோடு வந்து நிற்பவன் அதைப் பிடித்திருக்கும் விதத்திலேயே, பூச்சி பிடித்துப் பழகாதவன் என்று அவள் கண்டுகொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கண்டதையெல்லாம் எழுதிவைக்கும் அவள், அன்றிரவு குறிப்பேட்டில் அதை மட்டும் எழுதாமல் விடுகிறாள். காதல் தொடங்கிவிட்டது என்று நீங்கள் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நெருக்கமான காட்சிகளுக்கு நம் அகமரபு நல்ல வழி காட்டுகிறது. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல்தான் என்றாலும், மலையும் நள்ளிரவும் குளிரும் சேர்ந்துதான் அந்தத் திணை அமைகிறது. ஆகவே நிலமும் பொழுதும் உடல்களை அருகே கொண்டுவர வேண்டும். மழைக்காலத்து மலைப்பாதையில் அட்டைக்குக் குறைவில்லை. அவன் பிடரியில் ஒட்டிய அட்டையை அவள் நகத்தால் நெம்பி எடுக்கிறாள். அட்டையின் உமிழ்நீர் குருதியை உறையவிடாது என்பதால், எடுத்தபின்னும் கசிவு நிற்பதில்லை, அவள் விரலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சில நிமிடங்களை ஒரு பக்கத்துக்கு நீட்டுங்கள்: ஈர உடையிலிருந்து எழும் ஆவி, மூங்கில் தட்டிக்கு வெளியே மழை, அவன் மூச்சு மாறுவதை விரல்நுனியில் உணரும் அவள். அங்கங்களை வரிசையாக வருணிக்கத் தொடங்கினால் சூடு தணிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அவள் அவனைத் தழுவுவதற்கு முன்பே அவன் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அது காதலன்று, ஏமாற்று. பணியைப் பற்றி அவனால் வாய் திறக்க முடியாது, ஆனால் தன் உண்மைப் பெயரைச் சொல்லலாம், அதன்பின் அவள் முடிவெடுக்கட்டும்.

சாகசத்துக்கான கெடுவை வரலாறே கொடுக்கிறது. 1944 மார்ச்சில் ஜப்பானியப் படை பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்தது. ஏப்ரலில் நாகர் மலைகளிலுள்ள கோகிமாவில் போர் மூண்டது. அதற்கிடையே அவனுக்குத் தேவைப்படுவது அவளுடைய குறிப்பேடு: எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ஒற்றையடிப் பாதை செல்கிறது, யார் யாருக்கு உறவு, யாருக்கு யாரோடு பகை என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. அது எந்தப் படையின் கையில் சிக்கினாலும் துன்பம் அவ்வூர் மக்களுக்குத்தான். எனவே அவர்களைச் சுமைதூக்கிகளாக மட்டும் நிறுத்தாமல், ஊர்ப் பெரியவர் ஒருவருக்கேனும் இந்த முடிவில் உரத்த குரல் கொடுங்கள்.

அவள் அதை எரிக்கலாம், ஒப்படைக்கலாம், பாதி கிழித்துக் கொடுக்கலாம். எதுவாயினும், வலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத அந்த முதல் நாள் பக்கம் அப்போதுதான் அவன் கண்ணில் படட்டும்.