ரிக்டர் எவ்ளோன்னு நாமளே கணக்கு போட்டு பாக்கலாம்

2021 நவம்பர் 29 விடியகாலைல வேலூர் பக்கம் 3.6 அளவுல நில அதிர்வு வந்துச்சில்ல, அப்போ ஆளாளுக்கு "எங்க ஊர்ல எவ்ளோ ரிக்டர்"னு கேட்டாங்க. ஊருக்கு ஒரு ரிக்டர்லாம் கெடையாதுபா, ஒரு நில அதிர்வுக்கு ஒரே நம்பர்தான், ஊருக்கு ஊர் மாறுறது ஆட்டம் மட்டும்தான். அதனால நில அதிர்வு கருவியோட கிராஃப்ல கோடு பெருசா தெரியுதேன்னு ஏமாறாதீங்க, மொதல்ல தூரம் கண்டுபுடிக்கணும்.

பைத்தான் புரோகிராமிங் மொழில ஒப்ஸ்பைன்னு (ObsPy) நில அதிர்வு டேட்டாவுக்குன்னே ஒரு லைப்ரரி இருக்கு, ஃப்ரீதான். கருவி பதிஞ்ச டேட்டாவ அதுல ஏத்தி, சராசரிய கழிச்சு, ரெண்டு ஓரத்தையும் டேப்பர் பண்ணி (மெல்ல பூஜ்யத்துக்கு எறக்கி), கருவியோட ரெஸ்பான்ஸ, அதாவது கருவி தன் பங்குக்கு சிக்னல மாத்துறத, எடுத்துடுங்க. இத விட்டுட்டா கிடைக்கிறது வெறும் கவுண்ட்ஸ் (கருவி குடுக்குற அலகில்லாத எண்), அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் மொத அலை பி எப்போ வந்துச்சு, பின்னாடி பெருசா எஸ் எப்போ வந்துச்சுன்னு குறிச்சுக்கோங்க, ரெண்டுக்கும் எத்தன செகண்டோ அத 8.4 ஆல பெருக்குனா கிட்டத்தட்ட கிலோமீட்டர் வந்துடும். பி செகண்டுக்கு 6 கிலோமீட்டர், எஸ் 3.5, அதுலேருந்து வர்ற கணக்கு இது, பக்கத்துல வர்ற அதிர்வுக்குதான் செட் ஆகும்.

அடுத்து படுக்கைவாட்டு சேனல்ல, வுட் ஆண்டர்சன் கருவில (ரிக்டர் அளவுக்கு அடிப்படையான பழைய கருவி) பதிவான மாதிரி சிமுலேட் பண்ணுங்க, பெருக்கம் 1னு வச்சுக்கோங்க. உச்சத்துலேருந்து பள்ளம் வரைக்கும் அளந்து பாதி எடுங்க, நானோமீட்டர்ல, அதான் ஆம்ப்ளிட்யூட். இப்போ ஃபார்முலா: ஆம்ப்ளிட்யூடோட லாக், கூட தூரத்தோட லாக 1.11 ஆல பெருக்கி, கூட தூரத்த 0.00189 ஆல பெருக்கி, மொத்தத்துல 2.09 கழிக்கணும். லாக் 10 அடிமானம், தூரம் ஆழத்தையும் சேத்து கிலோமீட்டர்ல.

உதாரணமா எஸ்-பி இடைவெளி 12 செகண்ட், அப்போ சுமார் 100 கிலோமீட்டர். ஆம்ப்ளிட்யூட் 2000 நானோமீட்டர்னா 3.30 + 2.22 + 0.19 - 2.09, ஆக 3.6. அதே 2000 வெறும் 20 கிலோமீட்டர்ல வந்திருந்தா 2.7தான், பாத்தீங்களா தூரம் பண்ற வேலய. ஒரே ஒரு ஸ்டேஷன (கருவி வச்சிருக்குற இடம்) மட்டும் நம்பாதீங்க, கெடச்ச வரைக்கும் எல்லாத்துலயும் போட்டு சராசரி எடுங்க. 6.5 தாண்டுனா இந்த கணக்கு கம்மியா காட்டும், அதுக்கு மொமெண்ட் மேக்னிட்யூட்தான் (பாறை எவ்ளோ பரப்புல, எவ்ளோ தூரம் நழுவுச்சுன்னு வச்சு போடுற அளவு).

நம்ம பக்கம் கல்குவாரி வேற இருக்கு. பகல் நேரத்துல, பி அலை எல்லா ஸ்டேஷன்லயும் மேல் நோக்கியே ஆரம்பிச்சா வெடியா இருக்கும்னு சந்தேகப்படுங்க.