பைக் எஞ்சினில் டிக் டிக் சத்தமா?

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஆயில் ஊற்றாமல் ஓட்டவே வேண்டாம்.

ஆயில் சரியாக இருக்கிறதா? அப்புறம் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். எஞ்சினை ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை முறுக்காமல் ஓடவிட்டு, முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேளுங்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது போலத்தான். சைலன்சர், செயின் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள். மேலே ஹெட் கவரில் (எஞ்சினின் உச்சி மூடி) டிக் டிக் என்று தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் டேப்பெட் இடைவெளிதான், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளி கூடியிருக்கும்; பெரிய செலவில்லை. சிலிண்டரின் பக்கவாட்டில் சரசரவென்று உரசினால் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினைப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கீழே கிராங்க் கேஸிலிருந்து (எஞ்சினின் அடிப்பாகம்) டொக் டொக் என்று கனமாக வந்தால், ஓட்டாமல் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள்.