மறைந்த நண்பரின் பொம்மைப் படையைப் பிரிக்கும் முன்

போர் விளையாட்டுக்காக வண்ணம் தீட்டிய சிற்றுருவங்களை நண்பர் விட்டுச் சென்றிருக்கிறாரா? எதையும் நகர்த்தும் முன் ஒவ்வொரு இழுப்பறையையும் அப்படியே படம் எடுத்துவிடுங்கள். எந்தக் காலாட்படை எந்தத் தளபதியோடு நின்றது என்பது அவர் அடுக்கிய வரிசையில்தான் இருக்கிறது. நான் முதல் பெட்டியை அவசரத்தில் கலைத்துவிட்டேன்; கேட்க ஆளில்லை. அடிப்பீடத்தையும் திருப்பிப் பாருங்கள், ரெஜிமென்ட் (படைப்பிரிவு) பெயரை அங்கே எழுதி வைப்பவர்கள் உண்டு.

அப்புறம் உருவத்தின் உயர அளவு வாரியாகப் பிரியுங்கள்: 6, 15, 28 மி.மீ. நெப்போலியன் காலப் படை என்றால் பிரிவு முழுதாகவே இருக்கட்டும். தனித்தனியாக விற்றால் அழகானவை போய்விடும், மிச்சம் தேங்கும்.

பழைய ஈய உருவங்களில் வெள்ளைப் பொடி தெரிந்தால் தூசி என்று ஊதிவிடாதீர்கள். ஓக் மர அலமாரியிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரிப்பதால் உண்டாகும் ஈயக் கார்பனேட்டாக இருக்கலாம், அது நச்சு. கையுறையும் முகக்கவசமும் போட்டு எடுத்து, தனி பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். குழந்தைகள் பக்கம் வேண்டாம்.

தீட்டியது சுமாராக இருந்தாலும் வண்ணத்தைக் கரைத்து எடுக்காதீர்கள், அது அவர் கைவேலை. குடும்பத்தார் பிடித்த ஒன்றிரண்டை எடுத்துக்கொண்ட பிறகு விலை பேசலாம்.