காருக்குள் ஒளிந்திருக்கும் சிம்

காரின் உள்விளக்குக்குப் பக்கத்தில் எஸ்ஓஎஸ் (SOS) என்ற அவசர உதவிப் பொத்தான் இருக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் அந்தக் காருக்குள், கார் இருக்கும் இடம் போன்ற தகவல்களை வெளியே அனுப்பக்கூடிய, சிம் வைத்த தொடர்புப் பெட்டி ஒன்று இருக்கும். ரொயோட்டாவில் அதன் பெயர் டிசிஎம் (DCM). அதை நிறுத்த விரும்பினால், கையேட்டில் உள்ள பியூஸ் அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பல மாடல்களில் அந்த ஒரு பியூஸைக் கழற்றினாலே பெட்டி அடங்கிவிடும். ஆனால் சிலவற்றில் போன் பேசும் மைக்கும் கூடவே போய்விடும். பெட்டி அடங்கினால் அவசர அழைப்பும் நின்றுவிடும். பொத்துவில், பாணமைப் பக்கம் இரவில் ஓடுபவர்கள் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியையே எடுப்பதென்றால் டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். அங்கே மஞ்சள் உறையோடு வரும் வயர்கள் ஏர்பேக்குக்குரியவை, நீங்களாகக் கை வைக்காதீர்கள். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ வயரிங் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் விடுங்கள். லீசிங் கம்பனி பூட்டிய ஜிபிஎஸ் என்றால், ஒப்பந்தத்தைப் பார்க்காமல் தொடவே வேண்டாம்.