வாடகை வீட்டில் சரியாகப் பொருத்தாத ஜன்னலும் கதவும்: கோளாறைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்ய வைப்பதும்

பழைய மர ஜன்னலைப் பெயர்த்துவிட்டு யூபிவிசியோ (கெட்டியான பிளாஸ்டிக்) அலுமினியமோ வைத்த வீட்டில் மழைத் தண்ணீர் உள்ளே வந்தால், எல்லோரும் ஜன்னலைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இருக்கும். அங்கே முட்டுக்கட்டை (ஃபிரேம் அசையாமல் இருக்க இடையில் வைக்கும் சிறு கட்டை) வைத்தார்களா, ஸ்க்ரூ எத்தனை போட்டார்கள், எதை வைத்து அடைத்தார்கள் என்பது பூச்சுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. குடியிருப்பவருக்கு அதை உடைத்துப் பார்க்க உரிமை இல்லை. ஆனால் எதையும் உடைக்காமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். "ஜன்னல் ஒழுகுது" என்று சொன்னால் யாராவது வந்து ஓரமெல்லாம் சிலிக்கான் பசை இழுத்துவிட்டுப் போவார்கள், அடுத்த மழையில் அதே கதை. எந்த மூலை, எத்தனை மில்லிமீட்டர், என்ன காரணம் என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஒப்பேற்றலுக்கு இடமிருக்காது.

முதலில் அளவு

ஒரு டேப், ஒரு ரசமட்டம், டார்ச், சில காகிதத் துண்டுகள் போதும். ரசமட்டம் இல்லையென்றால் நூலில் ஒரு கனமான நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள், தூக்குக்குண்டு வேலையை அது செய்யும்.

ஃபிரேமின் உள்பக்கத்தில் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றாக இருக்க வேண்டும். 3 மி.மீ. வரை வித்தியாசம் பொறுக்கலாம். 5 மி.மீ.க்கு மேல் போனால் ஃபிரேம் சதுரம் கோணிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட ஜன்னலில் பூட்டை மாற்றினாலும் ரப்பர் பீடிங்கை மாற்றினாலும் பலன் இருக்காது.

அடுத்து அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடங்களில் அளங்கள். இந்த மூன்று எண்கள் பொருத்தியவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிடும். நடுவில் அகலம் குறைந்திருந்தால், இடைவெளியில் அளவுக்கு மீறி ஃபோம் (அடித்ததும் உப்பும் நுரை) அடித்திருக்கிறார்கள். அது உப்பி, ஃபிரேமை உள்ளே தள்ளிவிட்டது. ஷட்டர் (ஜன்னலில் திறந்து மூடும் பகுதி) நடுவில் இறுகும். நடுவில் அகலம் கூடியிருந்தால், முட்டுக்கட்டை வைக்காமல் ஸ்க்ரூவை இறுக்கியதில் ஃபிரேம் சுவர்ப் பக்கமாக வளைந்திருக்கிறது. அங்கே பூட்டு நாக்கு எட்டாது, காற்று சீறும்.

ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபிரேமின் உள்விளிம்பில் ஸ்க்ரூத் தலைகளை, அல்லது அவற்றை மூடும் பிளாஸ்டிக் மூடிகளைத் தேடுங்கள். மூலையிலிருந்து 15 முதல் 25 செ.மீ.க்குள் ஒன்று, அதன் பிறகு 60 செ.மீ.க்கு மிகாமல் ஒவ்வொன்று என்பது நல்ல வேலையின் அளவு. சில இடங்களில் உலோகப் பட்டைகளால் பிடித்து, மேலே பூச்சு பூசியிருப்பார்கள். அதனால் ஸ்க்ரூ தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஃபிரேமின் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு அசைந்தால் பிடிமானம் இல்லை, வெறும் ஃபோம்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஃபோம் இடைவெளியை நிரப்புவதற்கு, எடையைத் தாங்குவதற்கு அல்ல. வெளியே தெரியும்படி விட்ட ஃபோம் வெயில் பட்டுப் பழுத்து, தொட்டால் உதிரும். அதுவும் ஒரு அடையாளம்.

காகிதத் துண்டை ஷட்டருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே வைத்துப் பூட்டி, இழுத்துப் பாருங்கள். 25 செ.மீ.க்கு ஒரு முறை சுற்றிலும் செய்ய வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிடித்து இழுபட வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். கீல் பக்கம் இறுக்கமாகவும் பூட்டுப் பக்கம் தளர்வாகவும் இருந்தால், ரப்பரைக் குறை சொல்லும் முன் பூட்டின் அழுத்தத்தைச் சரிசெய்யச் சொல்லலாம். பல யூபிவிசி ஜன்னல்களில் ஷட்டரின் ஓரத்தில் உள்ள பூட்டுக் குமிழைத் திருப்பினாலே அழுத்தம் கூடும்.

கீலில் திறக்கும் ஷட்டரின் பூட்டுப் பக்கம் கீழே தொங்கி அடியில் உரசுகிறதா? மேலே உள்ள இடைவெளி ஒரு ஓரம் அகலமாகவும் மறு ஓரம் குறுகலாகவும் இருக்கும். கீல் தளர்ந்திருக்கலாம். கீல் இறுக்கமாக இருந்தும் தொங்கினால், கண்ணாடிக்கு முட்டுக்கட்டை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். கீழே கீல் பக்க மூலையிலும், மேலே பூட்டுப் பக்க மூலையிலும் பிளாஸ்டிக் கட்டைகள் வைத்தால்தான் கண்ணாடி ஷட்டரைக் குறுக்காகத் தாங்கிப் பிடிக்கும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டியைக் கழற்றி அந்தக் கட்டைகளை வைப்பது வேலை தெரிந்த ஒருவருக்குச் சிறிய வேலை. கண்ணாடியோடு விளையாட வேண்டாம், நீங்களே செய்யாதீர்கள்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது

மழையே இல்லாத காலையில் கண்ணாடியின் உள்முகத்தில் முத்து முத்தாக நீர் நின்றால் அது அறைக் காற்றின் ஈரப்பதம். காற்றோட்டம்தான் அதற்கு மருந்து. இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே மூட்டம் கட்டினால் கண்ணாடியின் ஓர அடைப்பு விட்டுவிட்டது. கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும், துடைத்துப் பயனில்லை. குளிர்காலத்தில் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் கறுத்துப் பூஞ்சை பிடித்தால், ஃபிரேமைச் சுற்றி இடைவெளியை நிரப்பாமல் மேலே மறைப்புப் பட்டி மட்டும் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். காற்றோடு மழை பெய்யும்போது மட்டும் நனைகிறது என்றால்தான் அது கசிவு.

ஸ்லைடிங் ஜன்னலில் கசிவைச் சோதிக்க எளிய வழி: கீழ் டிராக்கில் தூசியைத் துடைத்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளிப்பக்கத் துளைகள் வழியாக வடிய வேண்டும். தேங்கி நின்றால் துளைகள் அடைபட்டிருக்கின்றன. வெளியே வராமல் நீர்மட்டம் மட்டும் குறைந்தால் கவலைப்பட வேண்டும். அது சுவருக்குள் போகிறது. ஃபிரேமின் மூலை இணைப்பு விட்டிருக்கலாம், அல்லது டிராக்கைத் துளைத்துப் போட்ட ஸ்க்ரூவைச் சுற்றி அடைக்காமல் விட்டிருக்கலாம். பொருத்துபவர்கள் செய்யும் மிகச் சாதாரணமான தவறு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வெளியே உள்ள வடிகால் துளைகளின் மேலேயே சிலிக்கான் இழுத்துவிடுவது. ஃபிரேமைத் தலைகீழாக வைத்துப் பொருத்தி, துளைகள் மேலே போய்விட்ட ஜன்னல்களும் உண்டு.

கீழ்த் தளமாக இருந்தால் குழாய் வைத்தும் சோதிக்கலாம். கீழிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் ஜன்னலுக்கு அடியில் உள்ள திண்டில் மட்டும் 5 முதல் 10 நிமிடம், பிறகு கீழ் விளிம்பு, பிறகு பக்கங்கள், கடைசியில் மேல் விளிம்பு. மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் இறங்கும், எங்கே உள்ளே நுழைந்தது என்று தெரியாது. வேகமாகப் பீய்ச்சாதீர்கள். பக்கத்தில் மின்சாரப் பிளக் இருந்தால் அந்த இணைப்பை முதலில் நிறுத்திவிடுங்கள். மாடியில் வெளியே எக்கி நின்று இந்தச் சோதனை செய்யவே கூடாது.

திண்டையும் பாருங்கள். வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும், சுவரைத் தாண்டி 3, 4 செ.மீ. நீள வேண்டும், அதன் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு இருக்க வேண்டும். அந்தக் கோட்டில்தான் நீர் சொட்டிவிடும். கோடு இல்லையென்றால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். கனமான பழைய மர ஃபிரேமை எடுத்துவிட்டு மெல்லிய அலுமினிய ஃபிரேமை வைத்த இடங்களில், புது ஃபிரேம் முன்னே தள்ளி உட்கார்ந்து, பழைய ஃபிரேம் இருந்த பள்ளம் பின்னால் திறந்தே கிடப்பதுண்டு. பழைய மரத்தைப் பெயர்க்காமல் அதன் உள்ளேயே புதியதைச் சொருகியிருந்தால், மரத்தை ஆணியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மரம் மக்கிவிட்டது, புது ஸ்க்ரூ எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

ஜன்னலுக்கு மேலே சுவரில் புதிதாகச் சாய்ந்த விரிசல், அதோடு மேல் ஃபிரேம் கீழ்நோக்கி வளைவு என்று இரண்டும் தெரிந்தால் அது வேறு விஷயம். பழைய ஃபிரேம் சுவரின் பாரத்தையே தாங்கியிருக்கலாம். கட்டட வேலை தெரிந்தவர் உடனே பார்க்க வேண்டும்.

கதவு

கதவைப் பாதி திறந்து கையை விடுங்கள். தானாகத் திறந்துகொண்டாலோ மூடிக்கொண்டாலோ கீல் பக்க நிலை (கதவின் சட்டம்) செங்குத்தாக இல்லை. நல்ல கதவில் மேலேயும் பக்கங்களிலும் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி ஒரே சீராக இருக்கும்.

மூடும்போது கதவு திரும்பத் துள்ளினால் கீலைப் பாருங்கள். ஸ்க்ரூத் தலைகள் துருத்திக்கொண்டு நிற்கும், அல்லது கீலை மரத்தில் அளவுக்கு மீறி ஆழமாகப் பதித்திருப்பார்கள். ஆழம் கூடியிருந்தால் கீலுக்குப் பின்னால் மெல்லிய அட்டையை வெட்டி வைத்தாலே சரியாகும். பூட்டுப் பக்க மேல் மூலை உரசினால் மேல் கீல் தளர்ந்திருக்கிறது. கீலோடு வரும் குட்டை ஸ்க்ரூக்களுக்குப் பதில் மேல் கீலில் ஒன்றையாவது 75 மி.மீ. நீளத்தில், நிலையைத் தாண்டிப் பின்னால் உள்ள திடமான கட்டை வரை போடச் சொல்லுங்கள்.

தாழ் நாக்கு நிலையில் உள்ள தகட்டுக்குள் நுழையவில்லை என்றால், நாக்கில் சுண்ணக்கட்டியைத் தடவிக் கதவை மூடுங்கள். எங்கே இடிக்கிறது என்று தகட்டில் பதியும். 2 மி.மீ. வரை அரத்தால் தேய்க்கலாம். அதற்கு மேல் என்றால் தகட்டையே இடம் மாற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் இறுகும் மரக்கதவை உடனே சீவ விடாதீர்கள். வெயில் வந்ததும் மரம் சுருங்கி அங்கே சந்து விழும். ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்துக் கதவின் அடிவிளிம்பைப் பாருங்கள். பெரும்பாலும் பெயின்ட் அடிக்காத வெறும் மரமாக இருக்கும். மேல் விளிம்பும் அப்படித்தான் இருக்கும். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. மரம் காய்ந்த பிறகு இரண்டு விளிம்புகளுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும்.

எதில் கை வைக்கலாம்

வீட்டைக் காலி செய்யும்போது தடமில்லாமல் எடுக்கக்கூடியதை மட்டும் செய்யுங்கள். இடைவெளியைவிடச் சற்றே தடிமனான ஒட்டும் ஃபோம் டேப் (3 மி.மீ. சந்துக்கு 5 மி.மீ. டேப்), கதவடியில் பிரஷ் பட்டை, வடிகால் துளையை மெல்லிய குச்சியால் சுத்தம் செய்வது, ஷட்டரின் ரோலர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி உயரம் சரிசெய்வது ஆகியவை போதும். டிராக்கில் எண்ணெய் விடாதீர்கள், தூசி பிடித்துப் பசையாகும். சிலிக்கான் ஸ்ப்ரே போடலாம்.

உள்பக்கக் கசிவின் மேல் சிலிக்கான் இழுக்கக் கூடாது. தண்ணீர் சுவருக்குள் தேங்கும், கசிவு எங்கே என்ற தடயமும் மறையும். யூபிவிசி ஃபிரேமில் துளையிடவும் கூடாது. உள்ளே நீர் வடியும் அறைகள் உண்டு. கேஸ் அடுப்போ கேஸ் ஹீட்டரோ உள்ள அறையில் காற்றுத் துவாரங்களை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

வீட்டுக்காரருக்கு எழுதுவது

குடிவரும் நாளிலேயே எல்லா ஜன்னலையும் கதவையும் திறந்து மூடிப் படமெடுத்து அனுப்பிவிட்டால் நல்லது. படத்தில் டேப்போ அளவுகோலோ தெரிய வேண்டும். போனில் பேசினாலும் அதன் பிறகு எழுத்தில் ஒரு செய்தி போகட்டும். இப்படி எழுதலாம்:

"படுக்கையறை, மேற்குப் பக்க ஸ்லைடிங் ஜன்னல். காற்றோடு மழை பெய்யும்போது மட்டும் கீழ் வலது மூலையில் சுவர் நனைகிறது. ஈரம் 40 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம். மூலைவிட்டங்கள் 7 மி.மீ. வேறுபடுகின்றன. வெளிப்பக்க வடிகால் துளைகள் இரண்டும் சிலிக்கானால் மூடப்பட்டுள்ளன. படங்கள் இணைத்துள்ளேன். பொருத்தியவர்களை வரவழைத்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். எந்த நாளில் வருவார்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்."

இந்த அளவுகள் வீட்டுக்காரருக்கும் உதவும். உத்தரவாதக் காலம் முடியுமுன் பொருத்தியவரிடம் அவர் கேட்க இவைதான் ஆதாரம். விழும் நிலையில் உள்ள ஷட்டர், பூட்டாத வாசல் கதவு, விரிசல் கண்ணாடி, தீப்பிடித்தால் தப்பிக்க வேண்டிய ஜன்னல் திறக்காமல் இருப்பது ஆகியவற்றை "உடனடி ஆபத்து" என்று தனியாக எழுதி அன்றே அனுப்புங்கள். பதில் வரவில்லை என்று வாடகையைப் பிடித்துக்கொள்ளும் முன், ஒப்பந்தத்தையும் உங்கள் ஊர் வாடகைச் சட்டத்தையும் பாருங்கள். பல இடங்களில் அது குடியிருப்பவருக்கே எதிராகத் திரும்பும்.

வேலைக்கு ஆள் வந்ததும்

பழைய சீலன்ட்டின் (சிலிக்கான் போன்ற அடைப்புப் பசை) மேலேயே புதியது இழுக்க வந்தால் அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். முழுவதும் சுரண்டி, துடைத்து, காய்ந்த பிறகுதான் அடுத்தது. சந்துக்குள் முதலில் வட்டமான ஃபோம் கயிற்றைச் செருக வேண்டும். சீலன்ட் சுவரையும் ஃபிரேமையும் மட்டும் பிடிக்க வேண்டும், பின்பக்கத்தில் ஒட்டினால் வெயிலில் விரிந்து சுருங்கும்போது கிழியும். சீலன்ட்டின் ஆழம் சந்தின் அகலத்தில் பாதி இருக்கட்டும், ஆனால் 6 மி.மீ.க்குக் குறையாமல். சந்து 20 மி.மீ.க்கு மேல் இருந்தால் சீலன்ட்டை நம்பாமல் கலவையால் நிரப்பிவிட்டு, ஓரத்தில் மட்டும் சீலன்ட் போட வேண்டும். டியூப்பைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது சிமென்ட்டில் சரியாகப் பிடிக்காத வகை. அந்த வாடை இல்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும்.

சிலிக்கான் ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் இறுகும். அதனால் அன்று மாலையே தண்ணீர் ஊற்றிச் சோதிக்காதீர்கள், மூன்று நான்கு நாள் விடுங்கள். பிறகு மூலைவிட்டம், காகிதம், அரை லிட்டர் தண்ணீர் மூன்றையும் திரும்பச் செய்து, புதிய அளவுகளைப் பழையவற்றுக்குப் பக்கத்தில் எழுதி வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். காற்றோடு ஒரு மழை பெய்து சுவர் காய்ந்தே இருக்கும் வரை, வேலை முடிந்தது என்று யாருக்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.